பெட்டியில் உறங்கும் துணிகள்

நம் இல்லங்களில் பழந்துணிக்கு இரண்டு கதிகளே உண்டு. ஒன்று, கரித்துணியாகி அடுப்படிக்குப் போய்ச் சேரும். மற்றொன்று, முன்னோர் பொருள் என்னும் மரியாதையோடு தகரப் பெட்டியின் அடியில் உறங்கும். இவ்விரண்டுக்கும் நடுவே மூன்றாவது வழியொன்று உண்டு என்பதை எங்களுக்கு உணர்த்தியது ஒரு புயல்.

எங்கள் நன்னியின் வீடு வில்லியனூரை அடுத்த சுல்தான்பேட்டையில் இருந்தது. நன்னா அவர்கள் புதுவை நகரின் ஆங்கிலோ பிரெஞ்சு டெக்ஸ்டைல்ஸ் ஆலையில் நெசவுப் பிரிவில் பணியாற்றினார்கள். 1898இல் ரோடியர் மில் என்னும் பெயரோடு தொடங்கப்பெற்ற ஆலை அது. புதுவையின் துணிப் பெருமை அதனினும் பழையது. அவுரி நீலத்தில் தோய்த்த 'கினி'த் துணியைப் பிரெஞ்சு வணிகர்கள் இங்கிருந்து ஆப்பிரிக்காவின் செனகல் ஆற்றங்கரைக்குக் கொண்டு சென்று, காசுக்குப் பதிலாக அதையே கொடுத்துப் பிசின் வாங்கிய காலமும் உண்டு.

நன்னா ஆலையிலிருந்து வாங்கி வந்தவை இரண்டு வகை. ஓரத்தில் ஆலை முத்திரை பதிந்த முழு வெள்ளைத் துணிகள் ஒரு வகை. வெட்டுத் துண்டுகள் மற்றொரு வகை. வெள்ளைத் துணியை நன்னி கலியாணப் பந்திக்குரிய சுப்ரா விரிப்பாக மடித்துப் பெட்டியில் பூட்டினார்கள். வெட்டுத் துண்டுகளையோ, நைந்த சேலைகள் நான்கை அடுக்கி, அவற்றின்மீது பரப்பி, நெருக்கமாக நூலோட்டிப் போர்வையாக்கினார்கள். வங்கத்துப் பெண்கள் 'காந்தா' தைப்பதும், வட கன்னடத்துச் சித்தி இனப் பெண்கள் ஓரத்தில் தொடங்கி நடுவை நோக்கித் தைத்துச் செல்லும் 'கவந்தி'யும் ஏறத்தாழ இதே கலைதான். நன்னிக்கு அந்தப் பெயர்களெல்லாம் தெரியாது. பிள்ளைகளுக்குக் குளிரக்கூடாது என்பது மட்டுமே தெரியும்.

2011 டிசம்பர் 30ஆம் நாள் காலை 'தானே' புயல் கடலூருக்கும் புதுவைக்கும் இடையே கரை கடந்தது. எங்கள் கூரை ஓடுகள் பறந்தன. மழைநீர் பெட்டிக்குள்ளும் இறங்கிவிட்டது. நீர் வடிந்தபின் நன்னி பெட்டியைத் திறந்தார்கள். சுப்ரா விரிப்பில் துருக்கறை படர்ந்திருந்தது. விரித்தபோது மடிப்புக் கோடுகள்தோறும் துணி கிழிந்தது. புயல் ஒரு நாளில் செய்த சேதமன்று அது. கஞ்சி போட்டு மடித்த துணியை இராமபாணப் பூச்சி அரித்ததும், ஒரே மடிப்பில் ஆண்டுக்கணக்கில் கிடந்து இழைகள் இற்றதும் முன்னரே நிகழ்ந்தவை. நாங்கள் தினமும் போர்த்தி, துவைத்து, கிழிந்த இடத்தில் ஒட்டுப் போட்டுவந்த போர்வையோ நனைந்தும் கெடவில்லை. நன்னி இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு, "காப்பாத்துறேன்னு நெனச்சுப் பூட்டியே கொன்னுட்டேன்" என்று கண் கலங்கினார்கள்.

சில ஆண்டுகளில் நன்னி மவுத்தானார்கள். 2020இல் ஆலையும் நிரந்தரமாக மூடப்பட்டது. அதன்பின் அம்மாவுக்கு அந்தத் துணிகளின்மீது பற்று இன்னும் மிகுந்தது. "இனிமே இந்த முத்திரை போட்ட துணி எங்க கெடைக்கும்? கத்திரிக்கோல் படக்கூடாது" என்றார்கள். பாகூரில் வாழ்க்கைப்பட்ட எங்கள் தங்கையோ, "பெட்டியிலேயே வச்சு மறுபடியும் பூச்சிக்குக் கொடுக்கவா?" என்று கேட்டாள். இருவர் சொல்லிலும் நியாயம் இருந்தது. சில மாதங்கள் வீட்டில் அந்தப் பேச்சையே எடுக்க அஞ்சினோம்.

அப்போது எங்கள் நினைவுக்கு வந்தது அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் செய்தி. அவர்கள் இல்லத்தில் தொங்கிய உருவப்படத் திரையைப் பெருமானார் (ஸல்) அவர்கள் விரும்பவில்லை. அன்னையார் அத்துணியை எறிந்துவிடாமல் தலையணைகளாக மாற்றிக்கொண்டார்கள் என்று புகாரி, முஸ்லிம் தொகுப்புகளில் காண்கிறோம். திரை அகற்றப்பட்ட காரணம் வேறு. ஆயினும் ஒரு துணிக்கு ஒரு பயன் முடிந்தால் இன்னொரு பயன் தொடங்கலாம் என்னும் இல்லறப் பாடம் அதில் இல்லையா? தம் கிழிந்த ஆடையைத் தாமே தைத்துக்கொண்டவர்கள் அல்லவா பெருமானார் (ஸல்) அவர்கள்!

அம்மாவிடம் அதைச் சொன்னோம். நெடுநேரம் மௌனமாக இருந்தபின் ஒரு நிபந்தனை விதித்தார்கள்: கிழிந்ததை மட்டுமே வெட்டலாம், முழுதாய் இருப்பதைத் தொடலாகாது. அந்த நிபந்தனையைப் பின்னர் எங்கள் வீட்டுச் சட்டமாகவே கொண்டோம்.

மடிப்பில் கிழிந்த பகுதிகளை நீக்கியபின் சுப்ராவில் மிஞ்சிய நல்ல துணி, புதிய பருத்தித் துணியின்மீது வைத்துத் தைக்கப்பெற்று, பாகூர் வீட்டு வாசல் திரையாயிற்று. நைந்த துணியைத் தனியே தொங்கவிட்டால் தன் கனத்தாலேயே கிழியும். பின்துணி அந்தப் பாரத்தைத் தாங்கிக்கொள்ளும். சிறு துண்டுகள் தலையணை உறைகளாயின. போர்வையை வெட்டவில்லை. சாயம் இறங்குமா என்று ஈர வெள்ளைத் துணியால் ஒற்றிப் பார்த்து, முறுக்கிப் பிழியாமல், கயிற்றில் போடாமல், பாயில் விரித்து நிழலில் உலர்த்துகிறோம். எடுத்து வைக்கும் துணிக்குக் கஞ்சி போடுவதில்லை. சில மாதங்களுக்கொரு முறை மடிப்பை மாற்றுகிறோம். இவையெல்லாம் செலவில்லாத காரியங்கள். நம் இல்லத்தரசியர் எவரும் செய்யக்கூடியவை.

முத்திரை பதிந்த ஓரம் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். திரையின் கீழ் விளிம்பில் அதை அப்படியே விட்டிருக்கிறாள் தங்கை. ஊரிலிருந்து அம்மா போகும்போதெல்லாம் வாசலில் குனிந்து அதை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே நுழைகிறார்கள். தங்கையின் மகன் அந்த முத்திரையைக் காட்டி, "இது என்ன நன்னி?" என்று கேட்டானாம். அம்மா அவனுக்கு ஆலையையும் சங்கொலியையும் மிதிவண்டியையும் சொல்லத் தொடங்கினார்கள்.

பெட்டியில் பூட்டிக் கிடந்த நாளெல்லாம் அந்தத் துணியைப் பற்றி எங்கள் வீட்டுப் பிள்ளை எவனும் கேட்டதில்லை.