ஒரே தேதியில் இரண்டு சீட்டுகள்

கனடாவில், யூனியன்வில் மெயின் ஸ்ட்ரீட்டில் நடந்துகொண்டிருந்தபோது, சிபிஏ கணக்காளர் தேர்வுக்குப் படிக்கும் பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்துப் பெண் கேட்டாள்: “மாமா, கணக்கு விதிப்படி சரியெண்டால் வரிக்காரர் ஏன் மறுக்கினம்?” இதே கேள்வியோடுதான் 1997-இல் கோவில்பட்டிப் பக்கத்து நூற்பாலை முதலாளி அண்ணாச்சி ஒருவர் சென்னையில் என் எதிரே உட்கார்ந்திருந்தார்.

அவர் மேசையில் இரண்டு சீட்டுகளை வைத்தார். ஒன்று, வங்கி அவரிடம் பிடித்த கடன் வட்டிக்கு. மற்றது, அதே வங்கி அவர் டெபாசிட்டுக்குக் கொடுத்த வட்டிக்கு. ஒரே கிளை, ஒரே தேதி, ஒரே ரப்பர் ஸ்டாம்பு. ஆலைக்காக வாங்கிய கடன், இயந்திரம் வரத் தாமதமானதால் சில மாதம் டெபாசிட்டில் கிடந்தது. அந்த வட்டியை ஆடிட்டர் கட்டுமானச் செலவில் கழித்து எழுதியிருந்தார். வரி அதிகாரியோ அது வருமானம் என்றார். “கடன்காரனுக்கு ஏது வக்கீல் சார் வருமானம்?” என்றார் அண்ணாச்சி.

அந்த ஜூலையில்தான் தூத்துக்குடி ஆல்கலி கெமிக்கல்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்திருந்தது. இதே விஷயத்தில் அதுவரை சென்னை உயர் நீதிமன்றம் ஒன்று சொல்ல, ஆந்திர உயர் நீதிமன்றம் வேறொன்று சொல்லியிருந்தது. அந்த நிறுவனம் உற்பத்தி தொடங்குமுன் டெபாசிட்டில் பெற்ற வட்டி 2,92,440 ரூபாய். அதே காலத்தில் வட்டி, நிதிச் செலவு என்று எழுதியதோ 1 கோடியே 13 லட்சத்துக்கு மேல். ஆனாலும் டெபாசிட் வட்டி தனி வருமானம், கணக்குமுறை சட்டத்தை மீற முடியாது என்று நீதிமன்றம் முடித்துவிட்டது. தொழில் தொடங்காதவரை கடன் வட்டி தொழில் செலவாகாது. அது ஆலையின் விலையோடு சேர்ந்து, தேய்மானமாகப் பல ஆண்டுகளில் மெல்லத் திரும்பும். டெபாசிட் வட்டிக்கு வரி மட்டும் அந்த ஆண்டே. ஒரு மூட்டை நூல்கூட விற்காத மனிதர் அந்தப் பணத்துக்கு எங்கே போவார்?

பின்னர் பொகாரோ ஸ்டீல் வழக்கில், ஒப்பந்தக்காரர்களுக்குக் கொடுத்த முன்பணத்தின் வட்டி கட்டுமானத்தோடு பின்னியது, அது வருமானமல்ல என்று அதே நீதிமன்றம் சொன்னது. அண்ணாச்சி பணத்தை வங்கியில் வைக்காமல் கட்டுமான கான்ட்ராக்டருக்கு முன்பணமாகக் கொடுத்து வட்டி வாங்கியிருந்தால் தப்பியிருக்கலாம். பத்திரமாக வைத்தவரைத் தண்டிக்கும் இந்தப் பிரிவினையை நியாயம் என்று என்னால் இன்றும் சொல்ல முடியவில்லை.

கணக்குமுறை சட்டத்தை மீற முடியாது என்ற கொள்கையில் எனக்குச் சண்டையில்லை. 1998 பிப்ரவரியில் கனடா உச்ச நீதிமன்றமும் கான்டரெல் வழக்கில், கணக்கியல் கோட்பாடு சட்டமாகாது என்றது. குத்தகைக்கு ஆள் சேர்க்க 1986-இல் கொடுத்த தொகையை ஒரே ஆண்டில் கழிக்க நிறுவனம் கேட்டது. குத்தகைக் காலம் முழுவதற்கும் பிரித்து எழுதுவதே கணக்குமுறை என்றது வரித்துறை. நிறுவனமே வென்றது. தூத்துக்குடியில் வரி கட்டுபவரைச் சாய்த்த கொள்கை, இங்கே ஏழு மாதம் கழித்து அவரைக் காப்பாற்றியது. நடந்தவாறே இரண்டு வழக்கையும் அந்தப் பெண்ணுக்குச் சொன்னேன்.

அண்ணாச்சி ட்ரிப்யூனலில் தோற்றார். தவணை கேட்டு வரியைக் கட்டி முடித்தார். இந்தியாவில் இப்போது வரிக் கணக்குக்கென்றே பத்து நெறிகள் தனியாக இருக்கின்றன. ஏட்டில் காட்டும் இலாபம் வேறு, வரிக்கான இலாபம் வேறு. இங்கிருந்து ஊரில் ஆலை தொடங்கப் போகிறவர்கள், கடன் பணத்தை டெபாசிட்டில் போடும் முன்பே ஆடிட்டரிடம் கேட்டுவிடுங்கள்: இந்த வட்டி எந்தத் தலைப்பில் வரும்?