அம்பிளிக்கைக்கும் லியோனுக்கும் நடுவே ஒரு பதிவேடு

பென்ஷன் லைஃப் சர்டிபிகேட் பற்றி எழுதியதற்கு நிறையப் பேர் போன் செய்தீர்கள். சந்தோஷம். இந்த முறை கொஞ்சம் கனமான சமாசாரம். பெண்கள் சம்பந்தப்பட்டது, ஆண்களும் படிக்க வேண்டும்.

நான் சின்ன வயசில் புதுச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். ப்ரெவே வரை அங்கே. அப்பா காலமான பிறகு அம்மாவின் ஊரான சேத்தூருக்கு வந்து, எஸ்.எஸ்.எல்.சி. தனியாக எழுதி, சர்வீஸ் கமிஷன் மூலம் சுகாதாரத் துறையில் சேர்ந்தேன். முப்பது வருஷ வேலையில் அந்தப் பிரெஞ்சு எதற்கும் உதவவில்லை. ஏழுக்குக் குறுக்குக் கோடு போடும் பழக்கம் மட்டும் ஒட்டிக்கொண்டது. அதற்கும் ஆடிட்காரர்கள் திட்டினார்கள்.

சர்வீஸின் கடைசி வருஷங்களில் திண்டுக்கல் மாவட்டத்தில் இருந்தேன். ஒருநாள் மதியம் தெரிந்த ஒருவர் ஒரு கடிதத்தை நீட்டி, "சார், மேலே இருக்கிறது என்ன பாஷை?" என்றார். தலைப்பில் ஒருபக்கம் இங்கிலீஷ், ஒருபக்கம் பிரெஞ்சு. பிரான்ஸ் தேசத்து லியோன் நகரத்தில் இருக்கிற சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனத்தின் காகிதம். ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டுக்கும் லியோனுக்கும் என்ன சம்பந்தம் என்று விசாரித்ததில்தான் இந்த விஷயம் முழுசாகத் தெரிந்தது.

லியோன் நிறுவனம் பிறந்த கதை ருசியானது. 1963-ல் பிரெஞ்சு அறிஞர்கள் சிலர் ஜெனரல் தெ கோலுக்கு ஒரு வேண்டுகோள் வைத்தார்கள். வல்லரசுகள் தங்கள் ராணுவ பட்ஜெட்டில் அரை சதவீதத்தை ஒதுக்கினால் புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் போதும் என்றார்கள். அரை சதவீதம் யாரும் தரவில்லை, அது வேறு. ஆனாலும் 1965-ல் உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் இந்த ஆராய்ச்சி நிலையம் வந்துவிட்டது. பிற்பாடு அங்கே போய் வேலை பார்த்தவர்களில் ஒருவர் டாக்டர் ரெங்கசாமி சங்கரநாராயணன். அவருடைய குழுவும், ஒட்டன்சத்திரத்துக்குப் பக்கத்தில் அம்பிளிக்கையில் இருக்கிற கிறிஸ்தவ ஐக்கிய சமுதாய நல மையமும் கைகோத்து, 2000-ல் ஒரு பெரிய வேலையை ஆரம்பித்தார்கள். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை முன்கூட்டியே கண்டுபிடித்தால் சாவு குறையுமா என்று கிராமங்களிலேயே நிரூபிக்கிற வேலை. கேட்ஸ் அறக்கட்டளையின் பணமும் அதில் உண்டு.

எனக்கு இதில் அக்கறை வந்ததற்குக் காரணம் என் சித்தி. சத்திரப்பட்டிப் பக்கம் பேண்டேஜ் துணி நெய்கிற வீட்டில் வாக்கப்பட்டவள். தேசம் பூராவும் ஆஸ்பத்திரிகளுக்குப் போகிற துணி அது. தீட்டு நின்று நாலைந்து வருஷம் கழித்துத் திரும்ப ரத்தம் பட ஆரம்பித்தது. யாரிடமும் சொல்லவில்லை. தறியிலிருந்து கழிந்த துணியையே மடித்து வைத்துச் சமாளித்திருக்கிறாள், ஒன்றரை வருஷம். இடுப்பு வலி தாங்காமல் படுத்த பிறகுதான் மதுரைக்குக் கூட்டிப் போனோம். ரேடியேஷன் கொடுத்தார்கள். எட்டு மாசம் இருந்தாள். 1993. அவளுக்கு வயசு ஐம்பத்திரண்டோ ஐம்பத்து நாலோ, வீட்டில் யாருக்கும் சரியாகத் தெரியாது.

இந்த நோய் திடுதிப்பென்று வருவதில்லை. ஒரு வைரஸ் தங்கி, புண் மாதிரி ஒரு மாற்றம் உண்டாகி, அது புற்றாக மாற வழக்கமாகப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகும். அத்தனை வருஷம் அவகாசம் தருகிற வியாதி வேறு எத்தனை இருக்கிறது சொல்லுங்கள். கண்டுபிடிக்கப் பெரிய மிஷினும் வேண்டாம். ஊறுகாய்க்கு ஊற்றுகிற வினிகர் இருக்கிறதே, அதே அசெட்டிக் அமிலம்தான். நீர்த்த கரைசலைப் பஞ்சில் தொட்டு கர்ப்பப்பை வாயில் தடவி ஒரு நிமிஷம் காத்திருந்தால், சந்தேகமான இடம் வெள்ளையாகத் தெரியும். டாக்டரே வேண்டும் என்பதில்லை, பயிற்சி பெற்ற நர்ஸ் பார்த்தால் போதும். அந்தப் பயிற்சிதான் இந்தக் கூட்டு வேலையில் பாதி. வெள்ளை தெரிந்தால் பெரிதாக்கிக் காட்டும் கருவியில் பார்த்து, தேவையென்றால் சதை எடுத்து, அன்றைக்கே அந்த இடத்தை உறைய வைத்து அழிப்பதையும் நர்ஸே செய்தார்கள். இன்னொரு நாள் வா என்று அனுப்பினால் நம் பெண்கள் வரமாட்டார்கள் என்று யாரோ சரியாகப் புரிந்து வைத்திருக்கிறார்கள். கூலி போய்விடுமே!

மற்ற பாதி, என்னைப் போன்ற குமாஸ்தாவுக்குப் புரிகிற வேலை. பேர் எழுதுவது.

மாவட்டத்தில் 114 கிராமக் குழுக்கள். சீட்டுப் போட்ட மாதிரி 57 ஒருபக்கம், 57 ஒருபக்கம். முதல் பக்கத்தில் பரிசோதனை. மறுபக்கத்தில் அப்போது வழக்கமாக என்ன வைத்தியம் கிடைத்ததோ அதுதான். 30 முதல் 59 வயசு வரை பெண்கள், முதல் பக்கத்தில் 49,311 பேர், மறுபக்கத்தில் 30,958 பேர். கிட்டத்தட்ட எண்பதாயிரம். கிராமத்தில் கணக்கெடுத்தவர்களுக்குத்தான் தெரியும் இது என்ன பாடு என்று. ஒரே தெருவில் மூன்று மாரியம்மாள், இரண்டு பேருக்குப் புருஷன் பேர் முருகன். வயசு கேட்டால் "பெரிய புயலுக்கு முந்தி" என்பார்கள். அவ்வளவு பேரையும் வீட்டு நம்பரோடு எழுதி, பிறகு ஏழு வருஷம் யாருக்கு நோய் வந்தது, யார் இறந்தது என்று ஆஸ்பத்திரிப் பதிவு, வி.ஏ.ஓ. வைத்திருக்கிற இறப்புப் பதிவேடு, கடைசியில் அந்த வீட்டு வாசல் என்று தேடிப் போக வேண்டும். நம் இறப்புப் பதிவேட்டில் காரணம் என்ற கட்டத்தில் "வயிற்று வலி", "முதுமை" என்று இருக்கும். அதை வைத்துக்கொண்டு லியோனுக்குப் பதில் சொல்ல முடியாது.

பிரெஞ்சில் இப்படி முன்கூட்டிப் பரிசோதிப்பதை தெபிஸ்தாஜ் என்பார்கள். பிஸ்த் என்றால் தடம். வேட்டைக்காரன் மிருகத்தின் தடம் பிடித்துப் போவதற்கான சொல் அது. நாம் பரிசோதனை என்கிறோம், கேட்டாலே பரீட்சை மாதிரி பயமாக இருக்கிறது.

முடிவு 2007 ஆகஸ்டில் லான்செட் பத்திரிகையில் வந்தது. அழைத்தவர்களில் வந்தது 31,343 பேர், அதாவது நூற்றுக்கு 64 பேர். மீதிப் பதினெட்டாயிரம் பேர் வரவில்லை. வராதவர்களைக் கணக்கிலிருந்து தள்ளிவிட்டால் முடிவு இன்னும் பளபளப்பாகத் தெரியும். தள்ளவில்லை. வராதவள் செத்தாலும் அது பரிசோதனைப் பக்கத்துச் சாவு என்றே எழுதினார்கள். எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். டார்கெட் முடிக்காத பேரை ரிஜிஸ்தரிலிருந்து கழற்றுகிற வித்தையை அரசாங்க ஆபீசில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அப்படியும், பரிசோதனைப் பக்கத்தில் இந்த நோயால் இறந்தவர்கள் 83 பேர். ஆள்தொகை குறைவான மறுபக்கத்தில் 92. எத்தனை பெண்களை எத்தனை வருஷம் கவனித்தார்கள் என்ற கணக்கை வைத்துப் பழைய டைரியில் வகுத்துப் பார்த்தேன். வருஷத்துக்கு லட்சம் பேரில் இங்கே 30 சாவு, அங்கே 51. வயது வித்தியாசம் முதலியவற்றைச் சரிக்கட்டி, சாவில் 35 சதவீதம் குறைந்தது, நோயில் 25 சதவீதம் குறைந்தது என்று அறிவித்தார்கள். ஒரே ஒரு தடவை பரிசோதித்ததற்கு இந்தப் பலன்.

அந்த 92 பேர் விஷயத்தில் பின்னாளில் சண்டை வந்தது. தடுக்க வழி தெரிந்திருந்தும் ஒரு பக்கத்துப் பெண்களைச் சும்மா விட்டு வைத்து எண்ணினீர்களே என்று, இந்தியாவில் நடந்த இதே மாதிரி மூன்று ஆய்வுகளையும் சேர்த்து வைத்துக் கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஒப்பிட ஒரு பக்கம் இல்லாமல் அரசாங்கம் நம்பியிருக்காது, பணம் ஒதுக்கியிருக்காது என்பது மறுதரப்பு. அதுவும் உண்மை, பைல் நகர எது தேவை என்று எனக்குத் தெரியும். ஆனால் முடிவு கைக்கு வந்ததும் முதலில் கூப்பிட வேண்டியது அந்த மறுபக்கத்துப் பெண்களைத்தான் என்பது என் கட்சி. அவர்கள் பேரும் வீட்டு நம்பரும் கையில் இருக்கிறதே.

தமிழ்நாடு அரசு 2007 வாக்கில் தேனியிலும் தஞ்சாவூரிலும் இந்தப் பரிசோதனையை முன்னோட்டமாக நடத்தி, பிறகு மாநிலம் முழுக்கக் கொண்டுவந்தது. இப்போது வைரஸையே கண்டுபிடிக்கிற சோதனை இதைவிட மேல் என்கிறார்கள், சிறுமிகளுக்குத் தடுப்பூசியும் உண்டு. இருந்தும் 2019–21 குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 30 முதல் 49 வயதுப் பெண்களில் இந்தப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் நூற்றுக்குச் சுமார் பத்துப் பேர்தான். அகில இந்தியாவில் இரண்டு பேர். நாம் முதலிடம் என்று மார்தட்டிக்கொள்ளலாம்!

என் வீட்டம்மாள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் செய்துகொண்டு வந்தபோது கேட்டேன், வலித்ததா என்று. "வலியெல்லாம் ஒண்ணுமில்ல. வெளியே பெஞ்சில உக்காந்திருந்தேன்ல, தெரிஞ்சவுக யாரும் பாத்துருவாகளோன்னுதான் இருந்துச்சு" என்றாள்.

எங்கள் தெருவுக்குச் சுகரும் பிரஷரும் பார்க்க ஒரு பெண் வருகிறாள். நோட்டில் ஒவ்வொரு வீட்டுப் பேரும் இருக்கிறது. கர்ப்பப்பைச் சோதனை என்கிற கட்டத்தில் எங்கள் வரிசையில் மட்டும் ஆறு வீட்டுக்கு நேரே "வரவில்லை". அதில் ஒன்று சித்தியின் பேத்தி வீடு, கல்யாணமாகி இங்கேயே இருக்கிறாள், நாற்பது வயசு. வருகிற வியாழக்கிழமை என் மனைவி அவளைக் கூட்டிக்கொண்டு போகிறாள். பெஞ்சில் இரண்டு பேராக உட்கார்ந்தால் பயமில்லையாம்.