தூக்குவாளிக்குள் ஒரு பருவம்

1916ஆம் ஆண்டில் பாரதியார் 'சுதேசமித்திரன்' இதழில் ஜப்பானியக் கவிதை பற்றி எழுதி, ஹைக்கூவைத் தமிழர்க்கு அறிமுகம் செய்தார். வாணியம்பாடி இசுலாமியக் கல்லூரியில் தமிழ் பயிற்றிய கவிக்கோ அப்துல் ரகுமான், 1974இல் வெளிவந்த தம் 'பால்வீதி'யில் அவ்வடிவத்தைச் செய்து பார்த்தார். ஆகவே மாணவர்க்கு ஹைக்கூப் பயிற்சி அளிப்பது புதுமையன்று. 2024ஆம் ஆண்டு மார்ச்சில் நாம் அதனைக் கணினிக் கூடத்தில் அளித்தோம். முதலாண்டு மாணவர்கள் கவிதையோடு அதற்குரிய படத்தையும் தாமே வரைய வேண்டும் என்றோம்.

ஹைக்கூவுக்குப் பருவமே உயிர். பருவச் சொல்லைக் 'கிகோ' என்பர் ஜப்பானியர். நான்கு பருவங்களோடு புத்தாண்டையும் தனியே சேர்த்து, அச்சொற்களை அகராதிகளாகவே தொகுத்து வைத்துள்ளனர். நிலமும் பொழுதும் முதற்பொருள் என்னும் தொல்காப்பியத்தைப் பயின்ற நமக்கு இஃது அயலார் வீட்டுச் செய்தியாகத் தோன்றவில்லை. கார், கூதிர் முதலாய பெரும்பொழுது ஆறனையும் நம் மாணவர் மூச்சுவிடாமல் ஒப்பிப்பர். ஆனால் கணினிமுன் அமர்ந்ததும் நிகழ்ந்தது வேறு. பனிக்காலம் என்று தேடினால் திரையில் வந்து நிற்பவை உறைபனி மூடிய ஊசியிலை மரங்கள். படம் முன்னே செல்லக் கவிதை பின்னே சென்றது. செர்ரிப் பூக்கள் நம் கல்லூரி வளாகத்தில் உதிர்ந்தன!

எனவே ஆயத்தப் படங்களை விலக்கினோம். முதல் ஒருமணி நேரம் வளாகத்தைச் சுற்றி வருக, கண்டதை எழுதுக, அதன்பின்னரே கணினி என்றோம். 'பெயிண்ட்' செயலியில் சுட்டியைப் பிடித்து வரைந்தால் வட்டம் கூழாங்கல் ஆகிவிடுகிறது. ஆகட்டும் என்று விட்டுவிட்டோம். ஆங்கில ஒலிப்பு முறையில் தட்டியோர்க்குப் 'பனி'யெல்லாம் 'பணி' ஆயிற்று. அன்றே தமிழ்99 விசைப்பலகையைப் பழக்கத் தொடங்கினோம்.

அது ரமளான் மாதம். மாணவர் ஒருவர் இவ்வாறு எழுதினார்:

பள்ளிவாசல் முற்றம்
கஞ்சிக்குக் காத்திருக்கும்
அண்டை வீட்டுத் தூக்குவாளி

பிற சமயத்துப் பிள்ளைகளும் நோன்புக் கஞ்சி வாங்க வரும் நம் ஊர் வழக்கத்தைக் கண்டு வகுப்பே மகிழ்ந்தது. மற்றொருவர் எழுந்து, "ஐயா, இதில் பருவச் சொல் எது?" என்றார். "கஞ்சிதான்" என்றார் எழுதியவர்.

நல்ல வினா அது. பிறைக்கணக்கின் ஆண்டு, சூரியக் கணக்கின் ஆண்டைவிட ஏறத்தாழ 11 நாள் குறைந்தது. ஆதலின் ரமளான் ஆண்டுதோறும் முன்னேறி, சற்றேறக்குறைய 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றி வருகிறது. 1999இல் மாணவராயிருந்த நாம் டிசம்பர்க் குளிரில் சஹருக்கு எழுந்தோம். 2016இல் ஜூன் மாத வெயிலில் நோன்பிருந்தோம். பொங்கல் என்றால் தை என்று விளங்கிவிடும். நோன்போ எந்தப் பருவத்திலும் நிலையாகத் தங்குவதில்லை. "தம்பி, இவ்வாண்டுக் கஞ்சி எந்தக் காற்றில் ஆறுகிறது என்பதைச் சொல்லுங்கள்" என்றோம்.

மறுநாள் அவர் கொணர்ந்தது:

கஞ்சிக்கு வரிசை
காலித் தூக்குவாளிக்குள்
ஒரு வேப்பம்பூ

பங்குனி வந்துவிட்டது! அண்டை வீடு போனதில் நமக்குச் சிறு வருத்தமே. எனினும் கவிதை அவருடையது.

படத்தில் மினாரா, பிறை, வாளி, பூ எல்லாம் இருந்தன. கவிஞராகவும் ஓவியராகவும் விளங்கிய பூசோன் (1716–1784) பற்றியும், கவிதையும் படமும் இணைந்த 'ஹைகா' பற்றியும் கூறினோம். கவிதை சொன்னதையே படமும் சொல்ல வேண்டுவதில்லை என்றோம். அவர் முதலில் மினாராவை அழித்தார், அடுத்துப் பிறையை. நெடுநேரம் தயங்கிப் பூவையும் அழித்தார். "அதுதான் கவிதையில் இருக்கிறதே, ஐயா" என்றார்.

அச்சிட்ட படம் துறைச் சுவரில் ஒட்டப்பெற்றது. அதனைக் கண்ட பெரியவர் ஒருவர், "கஞ்சியையும் காணோம், பள்ளியையும் காணோம், கோணல் வாளி மட்டுமா?" என்று வினவினார். கீழே உள்ள மூன்று வரிகளைப் படித்துக் காட்டினோம்.