மோட்டாருக்கு அவரைத்தான் தெரியும்

உங்கள் வீட்டில் எத்தனை கம்ப்யூட்டர் இருக்கிறது என்று கேட்டால் ஒன்று என்பீர்கள், அல்லது இல்லவே இல்லை என்பீர்கள். வாஷிங் மெஷினுக்குள் ஒன்று இருக்கிறது. இன்டக்‌ஷன் அடுப்பில் ஒன்று, டிவி ரிமோட்டில் ஒன்று. கட்டைவிரல் நகத்தைவிடச் சின்னதாக, கறுப்பாக, பக்கத்துக்குப் பக்கம் கால் முளைத்த பூச்சிபோலப் பலகையில் ஒட்டிக்கொண்டிருக்கும். மைக்ரோகன்ட்ரோலர் என்று பெயர். ஒரே ஒரு வேலையை வாழ்நாள் முழுக்கச் செய்யும். தண்ணீர் எவ்வளவு ஏறியது, சூடு எவ்வளவு, எப்போது நிறுத்த வேண்டும் என்று அதற்குள் யாரோ எழுதிவைத்திருப்பார்கள். இந்த வகைத் தொழில்நுட்பத்தைத்தான் எம்பெடெட் என்கிறோம். அந்த 'யாரோ'க்களில் நானும் ஒருத்தி.

கோயம்புத்தூரில் ஒரு வீட்டின் மாடியில் எங்கள் கன்சல்டன்சி இருக்கிறது. நான், என்னோடு கல்லூரியில் படித்த தோழி, இளைய பொறியாளர்கள் மூன்று பேர். இரண்டு சால்டரிங் மேசை, ஒரு ஆசிலோஸ்கோப், பழுதான போர்டுகள் நிறைந்த அட்டைப்பெட்டிகள். நாங்கள் பொருள் விற்பதில்லை. பம்ப் செய்பவர், கிரைண்டர் செய்பவர், தறி ஓட்டுபவர் என்று பிரச்சினையோடு வருகிறவர்களுக்குச் சர்க்யூட் வரைந்து, புரோகிராம் எழுதி, மாதிரி செய்து கொடுப்போம். முதல்முறை படியேறி வருகிறவர் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, உள்ளே இன்னொரு அறை இருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பார். பிறகு கேட்பார்: "சார் இல்லீங்களா?" சார் யாரும் இல்லை என்று சொல்லிச் சொல்லி எங்களுக்கு அலுத்துவிட்டது. இப்போதெல்லாம் நாற்காலியை இழுத்துப்போட்டு, "சொல்லுங்க, என்ன பிரச்சினை?" என்று ஆரம்பித்துவிடுகிறோம்.

எங்கள் வேலை எப்போதும் ஒரு தாளில் தொடங்கும். இந்தக் கருவி என்ன செய்ய வேண்டும், எந்த வோல்ட்டேஜில் ஓட வேண்டும், யார் பயன்படுத்துவார் என்று வரிசையாக எழுதுவோம். தாளில் 'பயன்படுத்துபவர்' என்றுதான் இருக்கும். பேச்சில் அது உடனே ஆணாகிவிடும். "அவன் வந்து பட்டனை அமுக்குவான், லைட் எரிஞ்சா பார்த்துக்குவான்." கிரைண்டர், மிக்ஸி என்றால் மட்டும் 'அவன்' காணாமல் போய், "லேடீஸ் யூஸ் பண்றதுங்க, ஈஸியா இருக்கோணும்" என்று வரும். ஈஸி என்றால் பட்டன் குறைவு என்று அர்த்தம். அதாவது, தோட்டத்தில் நிற்கும் கருவி ஆணுக்கு, அடுக்களையில் நிற்கும் கருவி பெண்ணுக்கு. ஒரு வயரைக்கூட இணைப்பதற்கு முன்பே இந்தப் பாகப்பிரிவினை முடிந்துவிடுகிறது.

அப்படிப்பட்ட ஒரு தாளைப் பற்றித்தான் இங்கே எழுத வேண்டும்.

செல்போனில் மிஸ்டு கால் கொடுத்தால் கிணற்று மோட்டாரைப் போடும் பெட்டியை நீங்கள் பார்த்திருக்கலாம். ஸ்டார்ட்டருக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கும். உள்ளே ஒரு சிம் கார்டு. அழைப்பு வந்தால் பெட்டி எண்ணைச் சரிபார்த்து, மோட்டாரைப் போடும் அல்லது நிறுத்தும். புனேயைச் சேர்ந்த சந்தோஷ் ஓஸ்த்வால், தன் தாத்தா ராத்திரியில் வயலுக்கு நடந்து போய் மோட்டார் போட்டதைப் பார்த்த நினைவில்தான் 'நானோ கணேஷ்' என்ற கருவியை உருவாக்கினார். தமிழ்நாட்டில் இதன் அருமை எல்லா விவசாயிக்கும் தெரியும். 1990 முதல் விவசாயத்துக்கு இலவச மின்சாரம் இருக்கிறது. ஆனால் மும்முனை மின்சாரம் முறை வைத்து வந்ததால், ராத்திரி ஒரு மணிக்குக் கரண்ட் வந்தாலும் எழுந்து போனவர்கள் நாம். பாம்பு, பள்ளம், இருட்டு. நல்ல கருவி இது, சந்தேகமே இல்லை.

இந்த வகைப் பெட்டி செய்யும் ஒரு கம்பெனி எங்களிடம் வந்தது. அவர்களுடைய பழைய பெட்டி 2ஜி சிம்மில் ஓடுவது. அதை 4ஜிக்கு மாற்றித்தர வேண்டும். தாளில் இரண்டு வரிகள் பழைய பெட்டியிலிருந்து அப்படியே வந்திருந்தன. 'ஓனர் எண்: ஒன்று.' 'பெட்டியில் ஸ்டார்ட் பட்டன் வேண்டாம்.' ஓனர் தவிர வேறு யாரும் மோட்டார் போட்டுத் தண்ணீர் பாய்ச்சிவிடக் கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு. புதிதாக மூன்றாவது வரி ஒன்று: 'மிஸ்டு கால் போதும், இனி ஆப் கொண்டுவரலாம்.'

வரைவதற்கு முன் ஓடுகிற இடத்தைப் பார்ப்பது எங்கள் வழக்கம். பல்லடம் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போனோம். தென்னை, கொஞ்சம் தீவனச் சோளம், இரண்டு மாடு. அந்த அக்காதான் எல்லாம் பார்க்கிறார். வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார், மாதத்தில் பாதி நாள் வெளி மாநிலத்தில். பெட்டியில் பதிந்திருந்தது அவர் எண். அக்காவின் பட்டன் போன் இடுப்பில் செருகியிருந்தது.

"அப்போ நீங்க எப்படிங்கக்கா மோட்டார் போடுவீங்க?"

"அவருக்குப் போன் பண்ணுவேன் அம்மிணி. அவரு அங்கிருந்து மிஸ்டு கால் குடுப்பாரு. மலைப்பாதையில டவர் இல்லீன்னா அவ்வளவுதான். கரண்டு எப்ப வருது, எந்த மடை காயுதுன்னு எனக்குத்தான் தெரியும். ஆனா மோட்டாருக்கு அவரைத்தான் தெரியும்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பிறகு டவர் கிடைக்காத நாளில் என்ன செய்வார் என்பதையும் காட்டினார். ஸ்டார்ட்டர் பெட்டிக்குப் பின்னால் ஒரு காய்ந்த வேப்பங்குச்சி சொருகியிருந்தது. நுனி கருகியிருந்தது. கதவைத் திறந்து, அந்தக் குச்சியால் காண்டாக்டரை அமுக்கி, விழாமல் இருக்க அதையே ஆப்பாகச் செருகிவிடுவார். மோட்டார் ஓடும்.

இது எவ்வளவு ஆபத்து என்று சொல்ல வேண்டும். அந்தக் கதவுக்குள் 415 வோல்ட் இருக்கிறது. கை ஒரு அங்குலம் நழுவினால் முடிந்தது. இன்னொன்றும் உண்டு. மோட்டார் அளவுக்கு மேல் கரண்ட் இழுத்தாலோ, மூன்று முனையில் ஒன்று போய்விட்டாலோ, கிணற்றில் தண்ணீர் வற்றினாலோ, காண்டாக்டரை விடுவித்துத்தான் பாதுகாப்பு அமைப்பு மோட்டாரை நிறுத்தும். ஆப்பு செருகிய காண்டாக்டர் விடுபடாது. ஆயிரக்கணக்கில் செலவழித்து வைத்த பாதுகாப்பு எல்லாம் வேப்பங்குச்சியிடம் தோற்றுவிடும். அக்காவுக்கு இது தெரியாதா என்றால், தெரியும். ஒருமுறை காயில் எரிந்து ரீவைண்டிங் கட்டியிருக்கிறார்கள். "என்ன பண்றது, நாத்து காயுதே" என்றார்.

கருவியின் பார்வையில் பார்த்தால், ஒவ்வொரு நாளும் அதன் எதிரில் நிற்கிற, அதைத் துடைக்கிற, அதன் சத்தத்தை வைத்தே தண்ணீர் குறைந்துவிட்டதைக் கண்டுபிடிக்கிற அந்தப் பெண் அந்நியர். ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி இருப்பவர் ஓனர். இதைச் சிப் முடிவு செய்யவில்லை. தாளில் எழுதியவர் முடிவு செய்தார். அவரும் எங்கிருந்து எடுத்தார்? மின் இணைப்பு யார் பேரில், பட்டா யார் பேரில் என்பதிலிருந்து எடுத்தார். இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தி, பிறந்த வீட்டுச் சொத்தில் மகளுக்கும் சம உரிமை என்று தமிழ்நாடு 1989லேயே சொன்னது. 2005இல் நாடு முழுவதுக்கும் வந்தது. ஆனால் 2015-16 வேளாண் கணக்கெடுப்பில், இந்தியாவின் 100 சாகுபடி நிலங்களில் பெண்கள் பொறுப்பில் இருந்தவை ஏறக்குறைய 14தான். பத்திரத்தில் இல்லாத பெயர், புரோகிராமிலும் இல்லாமல் போகிறது.

எலெக்ட்ரானிக்ஸ் பெண்களுக்குப் புதிதா என்றால், அதுவும் கிடையாது. நிலவுக்குப் போன அப்பல்லோ விண்கலத்தின் கம்ப்யூட்டரில் புரோகிராம் கம்பியால் நெய்யப்பட்டது. குட்டியான காந்த வளையத்துக்குள் கம்பி நுழைந்து போனால் 1, ஒதுங்கிப் போனால் 0. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் இருந்த ரேதியான் தொழிற்சாலையில் பெண்கள் அதைக் கையால் நெய்தார்கள். பொறியாளர்கள் அதற்கு வைத்த பட்டப்பெயருக்கு 'குட்டிக் கிழவி மெமரி' என்று அர்த்தம். அந்த மென்பொருளை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கியது மார்கரெட் ஹாமில்டன் என்ற பெண். நம் ஊரில், 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் தொடங்கி 2014இல் மூடப்பட்ட நோக்கியா ஆலையில் செல்போன்களைப் பூட்டியவர்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள். எங்களுக்குப் போர்டு சால்டர் செய்துதரும் சிறிய யூனிட்டில் எட்டு பேரும் பெண்கள்தான். விரல் நுணுக்கம், பொறுமை என்று இதற்குக் காரணம் சொல்வார்கள். அதே விரல்கள் தாளில் ஒரு வரி எழுத வந்தால் மட்டும், சார் எங்கே என்று தேடுவார்கள்.

கம்பெனிக்காரரிடம் உட்கார்ந்து பேசினேன். நல்ல மனிதர், சொல்வதைக் கேட்பவர். ஐந்து எண்கள் பதியலாம், பெட்டிக்குள் சாவியோடு ஒரு ஸ்டார்ட் பட்டன் வேண்டும், மிஸ்டு கால் தொடர வேண்டும் என்றேன்.

"மேடம், ஓனர் ஒருத்தர்தானுங்களே?"

"ஓனர் ஒருத்தர் சார். விவசாயம் பண்றவங்க வேற."

"எக்ஸ்ட்ரா செலவாகுமுங்களே."

ஒரு செல்போன் எண்ணுக்கு 10 இலக்கம். ஐந்து எண்ணுக்கு 50 பைட். நாங்கள் போடும் சிப்பில் இருப்பது 64 கிலோபைட், அதாவது 65,536 பைட். அதில் 50. செலவு பூஜ்யம் என்று எழுதியே காட்டினேன். அவர் யோசித்தார். "குடும்பத்துல சண்டை வருமுங்க மேடம்" என்றார். அதுதான் உண்மையான தடை. பைட் அல்ல.

அந்த இடத்தில் நான் சமத்துவம் பேசவில்லை. கருகிய குச்சியின் போட்டோவைக் காட்டினேன். வாரண்டியில் திரும்பி வந்த பெட்டிகளின் பட்டியலைக் கேட்டேன். காயில் எரிந்தது, காண்டாக்டர் உடைந்தது என்று இருந்த புகார்களில் எத்தனை குச்சியால் வந்தவை என்று அவரையே விசாரிக்கச் சொன்னேன். பத்து நாள் கழித்து அவரே போன் செய்து, "போட்டுடுங்க மேடம்" என்றார். ஒரு பெண் உயிரைப் பணயம் வைப்பதைவிட ரீவைண்டிங் பில் வலுவான வாதமாக இருந்தது. எனக்கு இது கசப்புதான். ஆனால் அன்றைக்கு எனக்குத் தேவைப்பட்டது அந்தக் கதவுக்குள் ஒரு பட்டன்.

எல்லாம் கிடைத்துவிடவில்லை. முதல் எண்தான் தலைமை எண், மற்றதைச் சேர்க்கவும் நீக்கவும் அதற்குத்தான் அதிகாரம் என்பதில் அவர் இறங்கி வரவில்லை. யார் மோட்டார் போட்டாலும் தலைமை எண்ணுக்குக் குறுஞ்செய்தி போக வேண்டும் என்றார். மனைவி எத்தனை மணிக்குத் தோட்டத்தில் இருந்தாள் என்று கணவனுக்குச் சொல்லும் கருவியாக அது மாறிவிடும் என்று நானும் தோழியும் மல்லுக்கு நின்றோம். கடைசியில், மோட்டார் ஓடுகிறது, நின்றது, கோளாறு என்ற மூன்று செய்தி மட்டும் போகும், போட்டது யார் என்று போகாது என்று முடிவானது. இன்னொன்றும் வாங்கிவிட்டோம். ஒரு எண்ணை நீக்க வேண்டுமென்றால், போன் வழியாக நீக்க முடியாது. தோட்டத்துக்கு வந்து, பெட்டியைத் திறந்து, உள்ளே இருக்கும் பட்டனை அமுக்கிப் பிடித்துக்கொண்டுதான் நீக்க முடியும். லாரியில் இருந்துகொண்டோ துபாயில் இருந்துகொண்டோ ஒருவரை அவர் கிணற்றிலிருந்து வெளியேற்ற முடியாது. நேரில் வந்து, அவர் முன்னால் நின்று செய்ய வேண்டும். ஒரு புரோகிராமால் குடும்பத்தைத் திருத்த முடியாது. அநியாயத்தைக் கொஞ்சம் சிரமமாக்க முடியும்.

இதைப் படிக்கும் மாணவிகளில் சிலர் ஈசிஇயோ ஈஈஈயோ படித்துக்கொண்டிருப்பீர்கள். எம்பெடெட் என்றால் சைட்டுக்குப் போக வேண்டும், கையில் கிரீஸ் ஆகும், பெண்களுக்குச் சரிவராது, சாஃப்ட்வேர் கம்பெனிக்குப் போ என்று உங்களிடம் சொல்வார்கள். என்னிடமும் சொன்னார்கள். சைட்டுக்குப் போவதுதான் இந்த வேலையின் உயிர் என்று நான் சொல்வேன். பல்லடத்துக்குப் போகாமல் அந்தக் குச்சியை எந்தத் தாளிலும் பார்த்திருக்க முடியாது. ஆண்கள் போனாலும் பார்த்திருப்பார்களா என்றால், பார்த்திருக்கலாம். ஆனால் தோட்டத்துக்கு வந்த ஆண்களிடம், வீட்டுக்காரர் வரட்டும், அவர் பேசுவார் என்றுதான் அக்கா சொல்லி அனுப்பியிருக்கிறார். எங்களுக்கு மோர் கொடுத்து, குச்சியைக் காட்டினார்.

இப்போது எங்கள் தாளில் 'பயன்படுத்துபவர்' என்ற வரி இல்லை. அதற்குப் பதில் மூன்று கேள்விகள் இருக்கின்றன. இந்தக் கருவி யாருடையது? இதன் பக்கத்தில் யார் நிற்கிறார்கள்? ஓனர் ஊரில் இல்லாத நாளில் இது யார் சொல்வதைக் கேட்கும்? மூன்றுக்கும் ஒரே பதில் வந்தால், அந்த இடத்துக்கு இன்னொரு முறை போய்வர வேண்டும் என்பது எங்கள் விதி.

போன மாதம் சோமனூர் பக்கத்திலிருந்து ஒரு விசைத்தறிக்காரர் வந்தார். நூல் அறுந்தால் தறி தானாக நிற்க சென்சார் வேண்டும் என்றார். பேச்சு முழுக்க 'தறி ஓட்டுறவன்' என்றே சொன்னார். ராத்திரி ஷிஃப்டில் யார் ஓட்டுகிறார்கள் என்று எங்கள் இளைய பொறியாளர் கேட்டாள். இரண்டு பெண்கள் என்றார். "அப்போ இந்த ஸ்டாப் பட்டனை யார் உயரத்துக்கு வெச்சிருக்கீங்க சார்?" என்றாள். அவர் கொஞ்ச நேரம் வரைபடத்தையே பார்த்தார். பிறகு, மறுநாள் பட்டறைக்கு வரும்போது அளக்கிற டேப் எடுத்து வரச் சொல்லிவிட்டுப் போனார்.