இயங்கும் பொருளின் இருப்பிடம்

உலகத்துப் பொருள்களை நிற்பன என்றும் இயங்குவன என்றும் இருவகையாகப் பகுக்கலாம். தென்காசிக் கோபுரம் நிற்பது. அதன் இடத்தை ஒருமுறை ஏட்டிற் குறித்துவிட்டால் அக்குறிப்பு நம் பேரர் காலத்தும் பொய்யாகாது. தென்காசியினின்று குற்றாலம் நோக்கி விரையும் பேருந்தோ அத்தகையதன்று. மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்திற் செல்லும் வண்டி அரை நிமிடத்தில் 250 மீட்டர் கடந்துவிடும். மை உலருமுன் குறிப்புப் பழையதாகின்றது. இத்தகைய பொருள்களின் இடத்தைக் கணிப்பொறி எங்ஙனம் கணக்கில் வைக்கின்றது என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகுந்தது.

சென்ற சாரற் பருவத்தில் நண்பர் சிலருடன் குற்றாலத்தில் நீராடியபின், நாம் மலையடிவாரத்து வடகரைக்குச் சென்றிருந்தோம். அப்பக்கத்துத் தென்னந்தோப்புகளில் யானைகள் இறங்கி மரங்களைச் சாய்த்துக் குருத்தைத் தின்பதுண்டு. தோப்புக் காவலிலிருந்த முதியவர் ஒருவரை நோக்கி, "பெரியவரே, யானைகள் இப்பொழுது எங்கே உள்ளன?" என வினவினோம். அவர் நகைத்து, "தம்பி, நேற்று ராத்திரி ஆனை நின்ற இடத்தைக் காட்டலாம். இப்போது நிற்கிற இடத்தை அதுகளே வந்து சொன்னால்தான் உண்டு" என்றார். இவ்விஷயத்தின் சாரம் முழுவதும் அம்மறுமொழியில் அடங்கியிருக்கக் கண்டோம்.

அறிஞர் கண்ட வழிகள் மூன்று. முதலாவது, இடத்தோடு காலத்தையும் உடன் எழுதுதல். இரண்டாவது, வேகத்தையும் திசையையும் சேர்த்தெழுதுதல். அங்ஙனம் எழுதின், அடுத்த கணத்து இடத்தைக் கணிப்பொறி தானே கணித்துக்கொள்ளும். கணக்கிற்கும் உண்மைக்கும் குறித்த எல்லைக்குமேல் வேறுபாடு தோன்றும்போது மட்டும் புதுச்செய்தி வந்தாற் போதும். நொடிதோறும் எழுதும் வீண்சுமை ஒழியும்.

மூன்றாவது, தேடுதற்கு எளிதாக அடுக்கிவைத்தல். இலட்சம் வண்டிகளுள் நமக்கு அருகிலுள்ளவை எவையென அறிய ஒவ்வொன்றாய்ப் பார்த்தல் இயலாது. மாவட்டத்துள் வட்டம், வட்டத்துள் கிராமம், கிராமத்துள் தெரு என்று கடிதங்களைப் பிரிப்பதுபோல, அண்மையிலுள்ள பொருள்களை ஒரு கட்டத்துள்ளும், அக்கட்டங்களைப் பெரிய கட்டத்துள்ளும் அடக்கும் முறையைக் கட்மன் என்பார் 1984-இல் வெளியிட்டார். 'ஆர் மரம்' என்பது அதன் பெயர். உள்ளிருப்பவை நகர்ந்துவிடின் கட்டம் என்னாவது? 2000-ஆம் ஆண்டில் ஷால்டெனிஸ் முதலிய நால்வர், கட்டத்தின் விளிம்புகளுக்கும் வேகம் கற்பித்து, கட்டங்களே பொருள்களோடு நகருமாறு செய்தனர். அவை காலம் செல்லச்செல்லப் பெருத்துவிடும்; ஆதலின் புதுச்செய்தி வரும்போது மீளச் சுருக்கல் வேண்டும்.

நிற்க. யானைக்கு இம்முறை எவ்வளவு உதவும்? 2023 ஏப்ரலில் கேரளத்துச் சின்னக்கானலிற் பிடிபட்ட அரிக்கொம்பன் என்னும் யானைக்கு, இடமறிவிக்கும் கழுத்துப்பட்டை பூட்டிப் பெரியாற்று வனத்தில் விட்டனர். மே மாத இறுதியில் அது கம்பம் நகரினுட் புகுந்தது. அதனாற் காயமுற்ற ஒருவர் பின்னர் உயிர் துறந்தார். ஜூனில் தமிழ்நாட்டு வனத்துறையார் அதனைப் பிடித்துக் களக்காடு முண்டந்துறைக் காட்டில் விட்டனர். நம் குற்றாலத்திற்குத் தெற்கே உள்ள காடு அது. பட்டை இடைவிட்டே செய்தி அனுப்பும். அடர்ந்த காட்டில் அச்செய்தி தடைப்படுதலும் உண்டு. செய்தி வந்து மூன்று மணி நேரமாயின், யானை மணிக்கு 4 கிலோமீட்டர் நடப்பதாகக் கொண்டால், அது பழைய இடத்திலிருந்து 12 கிலோமீட்டர் தொலைவுக்குள் எத்திசையிலும் இருக்கலாம். ஆகவே நேர்மையான கணக்கு ஒரு புள்ளியைக் காட்டி அமையாது. காலத்தோடு விரியும் வட்டத்தையும் காட்டும்.

மலையடிவாரத்து உழவர்க்கு எச்சரிக்கைக் கருவி அமைக்கும் இளைஞர் நம் கல்லூரியினின்றும் தோன்றுதல் கூடும். அவர்க்கு நாம் கூற விழைவது ஒன்றே: திரையில் ஒளிரும் புள்ளியின் அருகே அது எப்பொழுது குறிக்கப்பட்டது என்பதையும் எழுதுக. பழைய புள்ளியை நம்பி இருளில் தோப்பினுள் இறங்குவோர்க்கு, ஒன்றும் அறியாதிருத்தலினும் அப்புள்ளி கேடு பயக்கும்.