வேப்பெண்ணெயும் கிணற்றுத் தண்ணீரும்

மாரி மழை விட்டதும் கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரை கரையோர ஊர்களில் நுளம்பு பெருகும். சிரட்டை, ஓட்டுப் பீலி, வளவு மூலையில் கிடக்கும் டயர் என்று தண்ணீர் தேங்கிய இடமெல்லாம் குடம்பி நெளியும். அந்த நாட்களில் வீட்டுக்கு வீடு ஒரு யோசனை போகும்: "கிணத்துக்குள்ள கொஞ்சம் வேப்பெண்ணெய் ஊத்துங்க. இயற்கை மருந்துதானே, ஆளுக்கு ஒண்டும் செய்யாது." உம்மாவும் சொல்லக் கேட்டிருக்கிறேன். இந்தப் பேச்சின் வேரைத் தேடினேன்.

வேப்பிலைப் புகை நம் ஊர்களுக்குப் பழையது. வேம்பின் பூச்சிக்கொல்லும் குணத்தை ஆய்வுகூடங்கள் துருவத் தொடங்கியதோ வெட்டுக்கிளியால். 1959இல் சூடானில் வெட்டுக்கிளிக் கூட்டம் இறங்கிப் பச்சையையெல்லாம் தின்றுவிட்டுப் போன இடத்தில், வேப்பமரங்கள் மட்டும் இலையோடு நின்றதை ஜேர்மன் பூச்சியியலாளர் ஹைன்ரிச் ஷ்முட்டரர் கண்டார். 1962இல் டில்லியில் ஆய்வாளர் பிரதானும் அவருடைய சகாக்களும் வேப்பங்கொட்டைக் கரைசலைப் பயிருக்குத் தெளித்து வெட்டுக்கிளியை விலக்கினார்கள். 1968இல் இங்கிலாந்தின் கீல் பல்கலைக்கழகத்தில் பட்டர்வொர்த், மோர்கன் இருவரும் அந்த விதையிலிருந்து அசாடிரக்டின் என்ற சேர்மத்தைப் பிரித்தெடுத்தார்கள். அதன் கட்டமைப்பு முழுமையாகத் தெளிவாக 1985 ஆயிற்று. கேம்பிரிட்ஜில் ஸ்டீவன் லேயின் குழு அதைச் செயற்கையாக உருவாக்கி முடித்தது 2007இல்தான்.

குடம்பி நான்கு முறை தோல் கழற்றித்தான் கூட்டுப்புழுவாகும். தோல் கழற்றச் சொல்லும் ஓமோனை அசாடிரக்டின் குழப்பிவிடுகிறது. தோலை உரிக்க முடியாமல் குடம்பி சாகிறது.

நுளம்பில் இதைச் சோதித்துப் பார்த்தவர்களில் இந்தியாவின் மலேரியா ஆய்வாளர்கள் முக்கியமானவர்கள். தொண்ணூறுகளில் அறை குளிரூட்டும் கூலர் தொட்டிகளில் வேப்பெண்ணெயை இட்டுப் பார்த்தார்கள். 2009இல் வெளியான அவர்களுடைய ஆய்வொன்றில், டெங்கு பரப்பும் ஈடிஸ் எஜிப்டி குடம்பிகளில் பாதியைக் கொல்ல லீட்டர் தண்ணீருக்குச் சுமார் 1.7 மில்லிகிராம் போதுமாக இருந்தது. ஆகவே வேம்பு குடம்பியைக் கொல்லும் என்ற முதற்பாதி உண்மை. ஆனால் அவர்கள் இட்டது தண்ணீரோடு கலக்கும்படி தயாரித்த எண்ணெய். கடையில் வாங்கும் போத்தல் எண்ணெய் அப்படிக் கலக்காது, மேலே படலமாக மிதக்கும். வெயில் பட்டால் அசாடிரக்டின் விரைவில் சிதைந்தும் போகும்.

"ஆளுக்கு ஒண்டும் செய்யாது" என்ற மறுபாதிதான் என்னைக் கலங்க வைத்தது. மலேசியாவில் நாட்டு மருந்தாக வேப்பெண்ணெய் புகட்டப்பட்ட குழந்தைகள் வாந்தியும் மயக்கமும் வலிப்புமாக வைத்தியசாலைக்கு வந்ததை 1981இல் மருத்துவர்கள் லான்செட் இதழில் எழுதினார்கள். ஈரலையும் மூளையையும் தாக்கும் ரேயின் நோயை ஒத்த நிலை அது. உயிரிழப்புகளும் நேர்ந்தன. வேம்பு மட்டுமல்ல, சீத்தாப்பழ விதையும் குடம்பியைக் கொல்லும். அதே விதையை அரைத்துப் பேனுக்குத் தலையில் பூசியபோது கண்ணில் பட்டு, கருவிழி புண்ணானவர்களைப் பற்றி இந்தியக் கண் மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். அளவு கூடினால் வேம்பு மீனுக்கும் ஆகாது. பள்ளிவாசல் ஹவுழில் மீன் விட்டிருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். குடம்பியைத் தின்னும் கப்பி மீனையே கொன்றுவிட்டு நுளம்பை எப்படி ஒழிப்பது?

குடம்பியைக் கொல்லும் டெமிபொஸ் என்ற இரசாயனத்தைக் குடிநீரில் இட உலக சுகாதார நிறுவனம் ஓர் உச்ச அளவு வைத்திருக்கிறது: லீட்டருக்கு 1 மில்லிகிராம். வீட்டில் பிழிந்த சாற்றுக்கோ கடை எண்ணெய்க்கோ அப்படியொரு அளவு கிடையாது. எந்த மரத்து விதை, எவ்வளவு பழையது என்பதைப் பொறுத்து அதன் வீரியம் மாறும். இயற்கை என்ற பெயரை நம்பி அளவில்லாத நஞ்சைக் குடிநீரில் விடுவதை நான் ஏற்கமாட்டேன்.

2017இல் மட்டும் இலங்கையில் 186,101 பேருக்கு டெங்கு என்று பதிவானது. ஆகவே பயம் நியாயமானது. முட்டையிலிருந்து நுளம்பாக ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை ஆகும். வெள்ளிக்கு வெள்ளி சிரட்டையைக் கவிழ்த்து, பீலியை வழித்து, தொட்டியைத் தேய்த்துக் கழுவுங்கள். கிணற்றுக்கு வலை போடுங்கள். குடிக்கிற தண்ணீரில் வேப்பெண்ணெய் ஊற்றாதீர்கள்.