லுங்கிக்கு ஒரு பஸ் டிக்கெட்

திருத்தணி முருகனைப் பார்த்தாச்சா? அப்படியே பள்ளிப்பட்டுக்கு பஸ் ஏறுங்கள் சார்! ஆந்திர எல்லை. 1960-ல் திருத்தணியோடு தமிழ்நாட்டுக்கு வந்த பக்கம். டீக்கடையில் இன்னமும் தமிழும் தெலுங்கும் ஒரே கிளாசில் கலக்கும்.

தெருவுக்குள் நுழைந்தால் விசைத்தறிச் சத்தம், 'தடக்... தடக்...' லுங்கி வாங்கும்போது ஓர நூல் ஒன்றை உருவிக் கொளுத்துங்கள். காகித வாசனையோடு சாம்பலானால் பருத்தி. உருகி உருண்டையானால் பாலியஸ்டர், வெயிலுக்கு ஆகாது. ஈரக் கைக்குட்டையால் தேய்த்துச் சாயத்தையும் பார்த்துவிடுங்கள்.

பேரம் மட்டும் கொஞ்சமாய். தறிக்காரருக்கு நெய்த அளவுக்குத்தான் கூலி. கரண்ட் போனால் அதுவும் நின்றுவிடும்.

கூடவே இன்னொரு கட்டம் போட்ட லுங்கி வாங்கி, தையலைப் பிரித்து ஜன்னலுக்குத் திரையாக மாட்டுங்கள். பேச்சிலர் ரூம் பளிச்! அவசரத்துக்குக் கட்டிக்கொள்ளவும் ஆகும்.